பி.சி.ஓ.எஸ்.: கல்யாணம் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

ஜோர்ஜ்டவுன்: கிளினிக்குக்குப் போகும் இளம்பெண்ணிடம் தாதியோ மருத்துவரோ வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹைட் தெராத்தூர்?" மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று அர்த்தம். "யா" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு அந்தப் பெண் எழுந்து வந்துவிடலாம். ஆனால் அவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. வயதுக்கு வந்த நாள் முதல் அப்படித்தான்; அம்மாவுக்கும் அக்காவுக்கும்கூட அப்படித்தான். அவரைப் பொறுத்தவரை அது ஒழுங்காகத்தான் வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் சரியில்லை.

"கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை வந்தது?" என்று கேட்டிருந்தால் விரல் விட்டு எண்ணி "ஆறு" என்றிருப்பார். அந்த ஓர் எண்ணே மருத்துவரை நிமிர்ந்து உட்கார வைத்திருக்கும். வயதுக்கு வந்து மூன்று ஆண்டுகள் கடந்த பெண்ணுக்கு, ஒரு மாதவிடாய் தொடங்கி அடுத்தது தொடங்கும் வரை 21 நாளுக்கும் குறைவாகவோ 35 நாளுக்கும் மேலாகவோ ஆனால், அல்லது ஓராண்டில் எட்டு முறைக்கும் குறைவாக வந்தால், அது ஒழுங்கற்ற மாதவிடாய். அனைத்துலக மருத்துவ வழிகாட்டி வகுத்துள்ள எல்லை இது. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் இயந்திரம் தேவையில்லை. சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டி போதும்.

பி.சி.ஓ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தச் சினைப்பைக் கோளாறு, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள். மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெண் பணியாளர்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில் 12.6 விழுக்காட்டினருக்கு இக்கோளாறு இருந்தது. படித்த, மாதச் சம்பளம் வாங்கும் பெண்களிடையே கிடைத்த எண் இது.

நம் சமூகத்துக்கு இதில் தனிக் கவலை இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்தால் அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடக் கூடுதல். அதுவும் இளம் வயதிலேயே வரக்கூடும். கர்ப்ப காலச் சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு ஆகியவையும் பின்தொடரும். ஆக, மாதவிடாய் தவறுவது நம் வீட்டுப் பெண்ணுக்கு நீரிழிவு அனுப்பும் முதல் கடிதமாக இருக்கலாம். அதை நாம் பிரிக்காமலே வைத்திருக்கிறோம், கல்யாணமாகி ஓராண்டு கழிந்து "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று மாமியார் வீட்டில் கேட்கும் வரை.

பெயர் செய்த குழப்பம்

குழப்பத்தில் பாதி பெயரிலேயே தொடங்குகிறது. "கர்ப்பப்பையில் நீர்க்கட்டி" என்று நம்மவர்கள் சொல்வதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. கோளாறு இருப்பது கர்ப்பப்பையில் அல்ல, அதன் இரு பக்கமும் உள்ள சினைப்பைகளில். அங்கே ஸ்கேனில் தெரிபவையும் கட்டிகள் அல்ல. ஒவ்வொரு மாதமும் முட்டை வளரும் சின்னஞ்சிறு பைகள் அவை. 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில் வளர்ச்சி நின்றுபோய் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றை வெட்டி எடுக்க வேண்டியதில்லை, புற்றுநோயாக மாறிவிடுமோ என்று பயப்படவும் வேண்டியதில்லை. ஆனால் "கட்டி" என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. இன்னொரு வீட்டில், கர்ப்பப்பைத் தசையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டி உள்ள சித்திக்குக் கொடுத்த மருந்தை அக்காள் மகளும் வாங்கிக் குடிக்கிறாள்.

மருத்துவ உலகமும் நெடுநாள் சினைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தது. 1935-இல் சிக்காகோ மருத்துவர்கள் இர்விங் ஸ்டைனும் மைக்கல் லெவந்தாலும் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த நோய்க்கு ஓர் அடையாளம் கிடைத்தது. சினைப்பையில் ஓர் ஆப்பு வடிவத் துண்டை வெட்டி எடுப்பது அன்றைய சிகிச்சை. பிறகுதான் இன்சுலினின் பங்கு தெரியவந்தது. உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின், ஆண்களிடம் அதிகமாக இருக்கும் டெஸ்டோஸ்டெரோன் வகைச் சுரப்பியை அளவுக்கு மேல் உண்டாக்கும்படி சினைப்பையைத் தூண்டுகிறது. முட்டை முழுதாக வளராமல் நிற்கிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது. சினைப்பையின் பெயரைச் சொல்லி இதை அழைப்பதே கவனத்தைத் திசைதிருப்புகிறது, வேறு பெயர் வையுங்கள் என்று அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய நிபுணர் குழு 2012-ஆம் ஆண்டு இறுதியிலேயே பரிந்துரைத்தது. அப்படியும் பழைய பெயர்தான் நம்மிடையே புழங்குகிறது.

அழகு நிலையம் பார்ப்பதை மருத்துவர் பார்ப்பதில்லை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பாசார் ஸ்திரீட், குயின் ஸ்திரீட் பக்கம் போனால் நூல் போட்டுப் புருவம் திருத்தும் கடைகளைப் பார்க்கலாம். புருவத்தோடு மேலுதடும் தாடையும் சேர்த்துச் செய்துகொள்வது சாதாரண விஷயம். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கொரு முறை தாடை முடியை எடுத்துவிட்டு வரும் பெண்ணை, வழவழப்பான முகத்தோடுதான் மருத்துவர் பார்க்கிறார். கேட்டாலொழிய அவருக்குத் தெரியாது. கேட்காமல் சொல்ல நம் பெண்களுக்கும் வாய் வராது.

முடி வளர்ச்சியை அளக்க மருத்துவத்தில் ஒரு முறை இருக்கிறது. மேலுதடு, தாடை, மார்பு, வயிறு, முதுகு, தொடை என உடலின் ஒன்பது இடங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி கொடுப்பார்கள். மொத்தம் 4 முதல் 6 புள்ளியைத் தாண்டினால் கூடுதல் முடி வளர்ச்சி என்று கொள்ளலாம். இனத்துக்கு இனம் எல்லை சற்று மாறும். "இந்தியப் பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும்" என்று நம் வீட்டிலும் சொல்கிறார்கள், சில வேளை வெளியிலும் சொல்கிறார்கள். மெல்லிய பூனைமுடி வேறு, தடித்துக் கறுத்து முரடாக வளரும் முடி வேறு. இரண்டாவது வகையைப் பரம்பரை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கழுத்துக் கருமை இன்னொன்று. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணிபோல் கறுத்துப்போவதை அழுக்கு என்று நினைத்து அம்மா தேய்த்துக் குளிப்பாட்டுகிறார். பயற்றம்மாவு, எலுமிச்சை, தயிர் என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிட்டு வெள்ளையாக்கும் கிரீம் வாங்குகிறார்கள். அது அழுக்கு அல்ல. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதைத் தோல் வெளியே காட்டும் விதம் அது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கழுத்தைப் பார்த்துக் கேலி செய்யும் பிள்ளைகளுக்கு இது தெரியாது. பெற்றவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இருபத்தைந்து வயதுக்குப் பிறகும் தாடையோரம் ஆறாத பருக்கள், உச்சியில் வகிடு அகன்றுகொண்டே போகும் முடி உதிர்வு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருவுக்குத் தோல் கிளினிக், முடிக்கு அழகு நிலையம், எடைக்கு உடற்பயிற்சி நிலையம், மாதவிடாய்க்குப் பெண்கள் மருத்துவர் என்று ஒரே கோளாறு நான்கு வாசலில் நான்கு கட்டணம் கட்டுகிறது. நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் ஆள்தான் கிடைப்பதில்லை.

ஒல்லியான பெண்ணுக்கு இது வராது என்ற எண்ணமும் தவறு. எடை கூடினால் அறிகுறிகள் கடுமையாகும், உண்மைதான். ஆனால் எடை சரியாக உள்ள பெண்களுக்கும் பி.சி.ஓ.எஸ். இருக்கிறது. அதோடு, நம் உடலமைப்பில் குறைந்த எடையிலேயே சர்க்கரை எட்டிப் பார்க்கும் என்பதால்தான் ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீட்டின் எச்சரிக்கை எல்லை 25 அல்ல, 23 என்று வைத்திருக்கிறார்கள்.

சடங்குத் தேதி நினைவிருக்கிறது, அடுத்த தேதி இல்லை

மகள் பெரிய மனுஷியானால் மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அச்சடித்து, தாய்மாமன் சீரோடு மஞ்சள் நீராட்டு நடத்துகிற சமூகம் நாம். முதல் மாதவிடாய் எந்தக் கிழமை, எந்த நேரம் என்பது வரை சோதிடருக்காகக் குறித்து வைக்கிறோம். பி.சி.ஓ.எஸ். பரிசோதனையில் மருத்துவருக்கு மிகவும் உதவும் தகவல்களில் அதுவும் ஒன்று. வயதுக்கு வந்து எத்தனை ஆண்டு ஆகிறது என்பதை வைத்துத்தான் எது இயல்பு, எது கோளாறு என்று பிரிக்கிறார்கள். முதலாண்டில் எப்படி மாறி மாறி வந்தாலும் அது இயல்பு. ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை 21 நாளிலிருந்து 45 நாள் வரை ஏற்கலாம். முதலாண்டு கழிந்த பிறகு எப்போதாவது 90 நாளுக்கு மேல் ஒரேயடியாக வராமல் இருந்தாலோ, 15 வயதாகியும் வயதுக்கே வராவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஊர் கூட்டிக் கொண்டாடிய அந்த முதல் நாளுக்குப் பிறகு நடப்பது வேறு. அடுத்தடுத்த மாதங்கள் "வீட்டுக்குத் தூரம்" என்ற தணிந்த குரலுக்குள் போய்விடுகின்றன. சாமி விளக்கு ஏற்றுவது யார் என்பதற்காக மட்டும் தேதி பார்க்கிறோம். வராமல் இருந்தால் ஒரு வகையில் வசதி என்றுகூட நினைக்கும் பெண்கள் உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்க வேண்டும், கல்யாண வீடு, குலதெய்வப் பூசை என்று மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை எடுப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்த மாத்திரை எடுத்த மாதங்களைக் குறித்து வைக்காவிட்டால், எது மாத்திரையால் தள்ளியது, எது தானாகத் தள்ளியது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் இரவுப் பணி பார்க்கும் பெண்களுக்கு இன்னொரு மறைப்பு இருக்கிறது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் வந்ததிலிருந்து, அம்மா, மகள் என இரண்டு தலைமுறைகள் வேலை நேரம் மாறி மாறி வரும் வாழ்க்கைக்குப் பழகிவிட்டன. தூக்கம் கெட்டால் மாதவிடாயும் தள்ளலாம் என்பது உண்மை. அதனாலேயே எல்லாவற்றையும் "ஷிப்ட் வேலை, அப்படித்தான்" என்ற கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பகல் வேலைக்கு மாறி ஆறு மாதமாகியும் சரியாகவில்லை என்றால் பழியை ஷிப்டின் மேல் போட முடியாது.

திறக்காத கதவு

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பினாங்கு பொது மருத்துவமனையிலோ செபராங் ஜெயா மருத்துவமனையிலோ நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. பணம் இங்கே முதல் தடையல்ல. எந்த வயதில் எந்தக் கதவு திறக்கிறது என்பதுதான் சிக்கல்.

13 வயதில் பள்ளிக்கே வருகிறார்கள். 2010 முதல் முதலாம் படிவ மாணவிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்படுகிறது. பள்ளிப் பருவம் முடிந்த பிறகு அந்தப் பெண்ணை அரசாங்கச் சுகாதாரச் சேவை முறையாகத் தேடுவது அவர் கர்ப்பமான பின்தான். தாய்சேய் நலக் கிளினிக்கில் புத்தகம் போட்டதும் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சோதனை எல்லாம் ஒழுங்காக நடக்கும். நம் பெண்களில் பலர் "ஆயர் கூலா" குடித்துச் சர்க்கரை பார்ப்பதே அப்போதுதான் முதல் தடவை. அடுத்த பெரிய கதவு பெக்கா பி40 திட்டம். 2019-இல் தொடங்கிய அந்த இலவசப் பரிசோதனையில் நீரிழிவு, கொழுப்பு எல்லாம் பார்க்கிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அது 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு.

பி.சி.ஓ.எஸ். வெளிப்படுவதோ 15 வயதிலிருந்து 30 வயதுக்குள். சரியாக அந்த இடைவெளியில் கதவே இல்லை. கல்யாணமாகாத 22 வயதுப் பெண், காய்ச்சலோ காயமோ இல்லாமல், "மாதவிடாய் சரியில்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு கிளினிக் வரிசையில் நிற்க வேண்டும். நிபோங் திபாலிலோ சுங்கை பாக்காப்பிலோ இருக்கும் பெண்ணென்றால், அந்த வரிசையில் அவரைத் தெரிந்த இரண்டு பேராவது இருப்பார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு என்ன கிளினிக்கில் வேலை?" என்ற பேச்சு அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடும். ஒருநாள் சம்பளம் போவதைவிட அதற்குத்தான் பயம்.

தோட்டங்கள் இருந்த காலத்தில் தோட்ட மருத்துவமனை இருந்தது, டிரெசர் இருந்தார், ஒவ்வொரு லயத்திலும் யாருக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியும் என்று பெரியவர்கள் ஏக்கத்தோடு பேசுவார்கள். காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் பிரசவத்துக்கும் அது உதவியது. பருவப் பெண்ணின் மாதவிடாயைப் பற்றி அந்தக் காலத்திலும் யாரும் கேட்டதில்லை. காடு அழிந்து வீடமைப்புப் பகுதி வந்ததால் இழந்தோம் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. புதிதாக ஏற்படுத்த வேண்டிய ஒன்று இது.

ஏற்படுத்துவது பெரிய செலவும் அல்ல. தடுப்பூசிக்காகப் பள்ளிக்கு வரும் அதே சுகாதாரக் குழு, ஐந்தாம் படிவத்தில் இன்னொரு முறை வந்து, மாதவிடாய் தேதி எழுதும் அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகலாம். 17 வயதில் பெரும்பாலான மாணவிகள் வயதுக்கு வந்து மூன்று ஆண்டுகள் கடந்திருப்பார்கள். கணக்குப் பார்க்க அது சரியான நேரம். நம் கோயில்களும் இயக்கங்களும் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களில் அப்பாக்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில், திரை போட்டு, தமிழ் பேசும் பெண் மருத்துவர் ஒருவர் உட்கார்ந்தால் போதும்.

சோதனை எப்படி நடக்கிறது

2003-இல் ரோட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த விதிதான் இன்றும் அடிப்படை. மூன்றில் இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ்.: ஒழுங்கற்ற மாதவிடாய், முடி வளர்ச்சி, பரு போன்ற அறிகுறியாலோ இரத்தச் சோதனையாலோ தெரியும் ஆண் சுரப்பி மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம். அதற்கு முந்தைய 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க விதி முதல் இரண்டும் கட்டாயம் வேண்டும் என்றது. எந்த விதியைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை எவ்வளவு மாறும் என்பதற்கு இந்தியாவிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. அங்கே 9,824 பெண்களிடம் நடந்து 2024-இல் வெளியான தேசிய ஆய்வில், பழைய விதிப்படி 7.2 விழுக்காடு, ரோட்டர்டாம் விதிப்படி 19.6 விழுக்காடு. கைப்பேசியில் சுற்றும் "ஐந்தில் ஒருவருக்கு", "பதினைந்தில் ஒருவருக்கு" என்ற செய்திகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் தலைமையில் 2023-இல் வெளிவந்த அனைத்துலக வழிகாட்டி இதில் முக்கியமான சிலவற்றைத் தெளிவாக்கியது. முதல் இரண்டும் இருக்கிறது என்றால் ஸ்கேன் தேவையே இல்லை. நம் வீடுகளில் இது சாதாரணத் தகவல் அல்ல. பிறப்புறுப்பு வழியே ஸ்கேன் எடுப்பார்களோ என்ற பயத்திலேயே கல்யாணமாகாத மகளை அழைத்துப்போகாத தாய்மார்கள் இருக்கிறார்கள். பல பெண்களுக்கு அந்தக் கட்டமே வராது. வந்தாலும் வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன் இருக்கிறது. 2023 வழிகாட்டிப்படி, பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். என்ற இரத்தச் சோதனையையும் பயன்படுத்தலாம். எந்தச் சோதனையானாலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு.

எதிர்ப்பக்கத்துத் தவறும் நடக்கிறது. 14 வயது மகளுக்கு மாதவிடாய் தள்ளியதும் பதறிப்போய்த் தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்து, "நீர்க்கட்டி" என்று எழுதி வாங்கி வந்துவிடுகிறார்கள். பருவ வயதில் சினைப்பையில் நிறைய சிறு பைகள் தெரிவது இயல்பு. வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும் வரை, பி.சி.ஓ.எஸ். கண்டறிய ஸ்கேனையும் ஏ.எம்.எச். சோதனையையும் பயன்படுத்த வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டி. அந்த வயதினருக்கு ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் சுரப்பி மிகுதி ஆகிய இரண்டுமே இருந்தால்தான் பி.சி.ஓ.எஸ். என்று சொல்லலாம். ஒன்று மட்டும் இருந்தால் "வாய்ப்புண்டு, கவனித்து வருவோம்" என்று வைத்திருந்து பிறகு மீண்டும் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பு வயதுப் பிள்ளையின் தலையில் "உனக்குக் குழந்தை பிறக்காது" என்ற பாரத்தை ஏற்றுவதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை.

பெயர் சூட்டுவதற்கு முன் வேறு காரணங்களை விலக்க வேண்டும். தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் என்ற சுரப்பி கூடினாலும் மாதவிடாய் தவறும். அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறு ஒன்றும் பி.சி.ஓ.எஸ். போலவே தோற்றமளிக்கும். கர்ப்பச் சோதனையும் செய்வார்கள். அது சந்தேகம் அல்ல, முறை. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஆண் சுரப்பிச் சோதனை சரியான விடை தராது. அவசியமென்றால் மருத்துவர் குறைந்தது மூன்று மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்வார். சில மாதங்களுக்குள் திடீரென முடி அடர்ந்து வளர்வது, குரல் தடிப்பது போன்றவை வேறு கதை. அரிதாகச் சுரப்பிக் கட்டியாக இருக்கலாம் என்பதால் அதற்குத் தாமதிக்கக் கூடாது.

கிளினிக்குக்குப் போகும்போது ஓராண்டுத் தேதிகளை எழுதிக்கொண்டு போவது மிகப் பெரிய உதவி. கைப்பேசிச் செயலியில் குறித்தாலும் சரி, கோயிலில் கொடுக்கும் நாள்காட்டியில் வட்டம் போட்டாலும் சரி. வயதுக்கு வந்த ஆண்டு, எடுத்த மாத்திரைகள், பெற்றோர் உடன்பிறந்தோரில் யாருக்கு இனிப்புநீர் என்பதையும் சொல்லுங்கள். முகத்தில் நூல் போடும் பழக்கம் இருந்தால் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மலாயில் சொல்ல வரவில்லை என்றால் எண்களைக் காட்டினால் போதும், எண்ணுக்கு மொழி இல்லை.

மருந்துச் சீட்டைப் பார்த்துப் பயப்படுபவர்கள்

கண்டறிந்த பிறகு சிலர் காணாமல் போய்விடுவது மருந்துச் சீட்டினால். மெட்ஃபோர்மின் என்று எழுதியிருப்பதைப் பார்த்து "எனக்கு இனிப்புநீர் இல்லையே, ஏன் இதைக் கொடுத்தார்கள்?" என்று மாத்திரையை டப்பாவோடு வைத்துவிடுகிறார்கள். இன்சுலின் வேலை செய்ய அது உதவுகிறது, அவ்வளவுதான். கருத்தடை மாத்திரை என்றால் இன்னும் மோசம். கல்யாணமாகாத மகளின் கைப்பையில் அதைப் பார்க்கும் அம்மா என்ன நினைப்பார்? மாதவிடாயை ஒழுங்காக்கவும், முடி வளர்ச்சியையும் பருவையும் குறைக்கவும், மாதக்கணக்கில் உதிராமல் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப்போவதைத் தடுக்கவும் அதே மாத்திரைதான் மருந்து. பல ஆண்டுகள் மாதவிடாய் இல்லாமல் அப்படியே விட்டுவிடுவது, பிற்காலத்தில் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. மொத்தத்தில் அந்த வாய்ப்பு சிறியதுதான் என்றாலும். இரத்தக்கட்டி, ஒற்றைத் தலைவலி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், எல்லாருக்கும் ஒரே மாத்திரை பொருந்தாது. இந்த விளக்கத்தை மருத்துவர் அம்மாவிடமும் இரண்டு நிமிடம் சொன்னால் பல சீட்டுகள் வீணாகாது.

அந்த இடத்தை இப்போது நிரப்புவது இணைய விற்பனை. "21 நாளில் நீர்க்கட்டி கரையும்" என்று சொல்லும் மூலிகைத் தூளும் பானமும் வாட்ஸ்அப் குழுக்களில் வந்துகொண்டே இருக்கின்றன. கரைவதற்கு அங்கே கட்டியே இல்லை என்பதை மேலே பார்த்தோம். நாட்டில் விற்கப்படும் பாரம்பரிய மருந்துக்கும் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அது இல்லாத டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரிந்திருக்காது.

குழந்தை விஷயத்தில் நம் சமூகம் கொண்டிருக்கும் பயம் உண்மையைவிடப் பெரியது. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். சிலர் இயல்பாகவே, சிலர் மாத்திரை உதவியோடு. முட்டை வெளிவராததுதான் காரணம் என்றால், முதலில் கொடுக்கப்படும் மருந்து லெட்ரோசோல் என்ற மாத்திரை. சோதனைக் குழாய்க் குழந்தை என்பது அதற்கு வெகு தூரம் தள்ளி உள்ள கட்டம். கணவரின் விந்தணுச் சோதனையும் அதே நேரத்தில் நடக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டு மருமகளை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துப்போகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

கண்டறியும்போதே எல்லாருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும், எடை எப்படி இருந்தாலும். வெறும் வயிற்றில் ஊசி குத்திப் பார்ப்பதைவிட, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையே துல்லியமானது என்று வழிகாட்டி சொல்கிறது. அதன் பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். 25 வயதில் கண்டறியப்பட்ட ஒரு பெண், மூன்றாண்டுக்கு ஒருமுறை போனாலே, பெக்கா பி40 கதவு அவருக்குத் திறக்கும் 40 வயதுக்குள் ஐந்து முறை மீண்டும் சர்க்கரை பார்த்திருப்பார்.